இருபத்தாறு கிரெயின்

சிறுத்தையைச் சுட்ட வெடியின் சத்தம் ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து பத்தாம் நம்பர் லயத்துக்கு வந்து சேர எண்பத்துமூன்று நாட்கள் ஆயின. காலால் எட்டி வைத்தால் ஆயிரம் எட்டுத் தூரம்தான். அந்த எண்பத்துமூன்று நாட்களும் எங்கள் மலையில் கொழுந்து பறிக்கப்பட்டது, மழை பெய்து ஓய்ந்து பனி இறங்கியது, இரண்டு கல்யாணமும் ஒரு சாவும் நடந்தன, யாரும் ஒரு நாள்கூட இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்கவில்லை. எப்போது வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்று மட்டும் கேட்டார்கள், அதையும் என்னிடம் வந்து கேட்டார்கள், ஏனென்றால் அந்தத் தோட்டாவுக்கு மருந்தை எடை போட்டவன் நான்.

என் பெயர் ஞானதிரவியம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றால் ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு தராசு. டாக்டர் மாதம் ஒரு முறை கீழேயிருந்து ஜீப்பில் வருவார். அது அறுபத்தேழாம் வருடம். கப்பலில் வந்துகொண்டிருந்த தோட்டாக்கள் நின்று போய் ஐந்து வருடமாகியிருந்தது. பழைய வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது ஒரு ரைஃபிளையும், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளையும், ஒரு டப்பா ஈயக் குண்டையும், லேபிளைப் பூச்சி தின்றுவிட்ட ஒரு வெடிமருந்து டின்னையும், மூன்று புத்தகங்களையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். சிறுத்தை அதற்குள் பதினொரு நாய்களைத் தூக்கியிருந்தது. புரட்டாசியில் கொழுந்துக்காட்டில் ஒருத்தியின் தோளைக் கிழித்தது. புதுத் துரை என்னைக் கூப்பிட்டு, "கம்பவுண்டர், தோட்டாவுக்கு மருந்தை கிரெயின் கணக்கில்தான் போடுகிறார்கள். இந்த மலையிலேயே கிரெயின் எடைக்கல் உன்னிடம்தான் இருக்கிறது" என்றார். அது உண்மை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னாவை நான் கிரெயின் கணக்கில்தான் நிறுத்துக் கொடுத்துவந்தேன்.

மூன்று நாள் மத்தியானங்களில், நோயாளிகள் போன பிறகு, மூன்று புத்தகங்களையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். சிவப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம் அந்தக் குண்டுக்கு நாற்பத்தாறு கிரெயின் என்றது. வெடிமருந்துக் கம்பெனிக்காரன் அச்சடித்த மெல்லிசுப் புத்தகம் நாற்பத்திரண்டு என்றது, அதற்கு மேல் போனால் துப்பாக்கியின் பூட்டு பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு சுடுபவனின் கன்னத்துக்கு வரும் என்று தடித்த எழுத்தில் எச்சரித்தது. ஜெர்மன்காரன் எழுதிய புத்தகத்தில் கணக்கு கிராமில் இருந்தது. அதைக் கிரெயினாக மாற்றினால் முப்பத்தொன்பது வந்தது. ஒரே கூடு, ஒரே குண்டு, மூன்று அளவு. மூவரும் படித்தவர்கள், மூவரும் சுட்டுப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள், அவரவர் துப்பாக்கி அவரவரிடம் ஒரு மாதிரி நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். என்னிடம் இருக்கிற டின்னில் மூவரில் யாருடைய மருந்து இருக்கிறது என்று சொல்ல லேபிள் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வயதில், வேறொரு ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தைக்கு அட்டவணையில் போட்டிருந்த முழு அளவைக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் குழந்தை இறந்துபோயிற்று. காய்ச்சல்தான் காரணம், அளவு சரி என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருடமாக என் கையால் முழு அளவு எதுவும் போனதில்லை. எந்தப் புட்டியிலும் ஒரு விரல் குறைத்தே ஊற்றினேன், எந்தப் பொட்டலத்திலும் ஒரு சிட்டிகை தள்ளியே மடித்தேன், குணமாகத் தாமதமானவர்கள் என்னைத் திட்டினார்கள், நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே மூன்றில் சிறியதான முப்பத்தொன்பதை எடுத்துக்கொண்டேன். பிறகு ரைஃபிளைத் துடைத்தபோது குழலின் அடியில் 1904 என்று வெட்டியிருப்பதைப் பார்த்தேன். அறுபத்துமூன்று வயது. அறுபது தாண்டியவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அந்த மத்தியானத்தில், அந்த வெளிச்சத்தில், அது எனக்கு முற்றிலும் நியாயமாகப் பட்டது. இருபத்தாறு கிரெயின் நிறுத்து, காகிதத்தை மடித்துக் கூட்டுக்குள் கொட்டினேன்.

ஐப்பசி பாதியில் ஒரு மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, சிறுத்தை ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு வந்தது. காவல்கார மாதையன் ஜன்னல் விளிம்பில் ரைஃபிளை ஊன்றிச் சுட்டான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். புகை வந்தது. சத்தம் வரவில்லை. குண்டு குழலிலிருந்து வெளியே வந்து, ஆட்டுப் புழுக்கையைப் போலக் கொய்யா மரத்தடியில் விழுந்து, கொஞ்சம் உருண்டு நின்றது. சிறுத்தை அதைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, வாயைத் திறந்து நாக்கு முழுவதும் தெரியும்படி கொட்டாவி விட்டது, வேலியைத் தாண்டிப் போயிற்று.

"என்னங்கய்யா, மருந்துக்குப் பதிலா சுக்குப்பொடிய வச்சு அடைச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மாதையன் குண்டை எடுக்க ஜன்னலைத் தாண்டிக் குதித்தான். குதித்த வேகத்தில் முகம் குப்புற விழுந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு கத்தினான்: "சுட்டுட்டான்யா! எவனோ சுட்டுட்டான்யா என்னைய!"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் வழியாகத் திரும்பி உள்ளே ஏறினான், ஏறும்போது மறுபடியும் கத்தினான். மூன்றாம் முறை மெதுவாக ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி, தலையை நீட்டி, கண்ணை இறுக்கி மூடி, திறந்து, என்னைப் பார்த்துச் சொன்னான். "அய்யா, சத்தம் இங்கனதான் நிக்குது."

அப்படித்தான் தெரிந்தது. சத்தம் ஜன்னலடியில் நின்ற எங்களை நடுவில் விட்டு, நாலா பக்கமும் ஒரு வளையமாக, நாளொன்றுக்குப் பன்னிரண்டு எட்டு வீதம் நடந்துகொண்டிருந்தது. அந்த வளையத்தை உள்ளிருந்து வெளியே தாண்டினாலும் வெளியிலிருந்து உள்ளே தாண்டினாலும், தாண்டுகிறவனின் காதில் மட்டும், அந்த ஒரு கணம் மட்டும், அந்தி நேரத்தில் சுடப்பட்ட ஒரு ரைஃபிளின் முழு வெடி வெடித்தது. பக்கத்தில் நிற்பவனுக்குக் குயில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் ஆஸ்பத்திரி வாசலில் வளையம் நின்றபோது, தலைவலி என்று லீவு கேட்டு வருகிறவர்கள் வரவில்லை. இரண்டாம் வாரம் துரை ஒரு சுண்ணாம்பு வாளியும் ஆளும் போட்டு, தினமும் காலையில் வளையம் நிற்கிற இடத்துத் தேயிலைச் செடிகளில் வெள்ளை அடிக்கச் சொன்னார். மூன்றாம் வாரம் வளையம் காலையில் பேர் பதிகிற பிரட்டுக் களத்தைக் கடந்தது, அதன்பின் வேலைக்கு வருகிற எல்லாரும் காலையில் ஒரு வெடியும் மாலையில் ஒரு வெடியும் தாண்டியாக வேண்டும் என்றாயிற்று. பெண்கள் கூடையை முதுகில் இறுக்கிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வரிசையாக, கண்ணை மூடி வெள்ளைக்கோட்டைத் தாண்டினார்கள். வரிசை நெடுக ஒவ்வொரு தலையாகத் துள்ளி அடங்குவதை ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து பார்த்தால் காற்றில் நாணல் சாய்வதுபோல இருக்கும். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் காதில் விரலை வைத்துக்கொண்டு தாண்டினார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். "வெடி தாண்டியாச்சா?" என்பது வணக்கம் சொல்வதுபோல ஆயிற்று. பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் வெள்ளைக்கோட்டில் மாப்பிள்ளை மண்டியிட்டு விழுந்ததைப் பார்த்துச் சிரித்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லிப் போயிற்று, அடுத்த வாரம் அவனே தனியாக வந்து, விழாமல் தாண்டிக் காட்டி, கட்டிக்கொண்டு போனான். சிறுத்தை திரும்பி வரவேயில்லை.

தொழிற்சாலையில் முப்பது வருடம் உருளை மிஷினுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதும் போன குப்பமுத்து என்று ஒருவர் இருந்தார். வளையம் தொழிற்சாலையைத் தாண்டிய அன்று அவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பீடியைக் கீழே போட்டுவிட்டு, ரொம்ப நேரம் அசையாமல் நின்றார் என்று சொன்னார்கள். அன்றுமுதல் அவர் வளையத்தோடு கூடவே நடந்தார். பன்னிரண்டு எட்டு நடக்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு, கோட்டுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் கல்யாண வீட்டில் சந்தனம் பூசிக்கொண்டவர் மாதிரி முகம் மலர்ந்து நின்றார். வெள்ளை அடிக்கிற ஆள் அவரைக் கேட்டுத்தான் அடித்தான். சாயங்காலம் என்னிடம் வந்து, தன் குரலின் அளவு தனக்கே தெரியாத பெரும் சத்தத்தில் சொல்வார்: "கம்பவுண்டரய்யா! இன்னைக்கும் அதே கனம்! ஒரு பொட்டுக் குறையல! அத நிறுத்திப்புடாதீங்கய்யா!"

எல்லாரும் பழகிக்கொண்டார்கள். கோழிகள் மூன்று நாள் முட்டையிடாமல் இருந்து பிறகு இட்டன. ஆனால் கார்த்திகையில் ஒரு சினை ஆடு கோட்டைத் தாண்டியபோது அங்கேயே குட்டியைப் போட்டது. குட்டி செத்திருந்தது. அன்று சாயங்காலம் சங்கிலி என்னைத் தேடி வந்தான்.

சங்கிலி பத்தாம் நம்பர் லயத்தின் கடைசி வீட்டுக்காரன். அதற்கு அப்பால் வீடு இல்லை, பாதை இல்லை. பள்ளம்தான், அதற்குக் கீழே பனியும் அதற்கும் கீழே சமவெளியும். அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய்க்கு மூன்று கரு தங்கவில்லை. மூன்றாவது, ரோடு போட எங்கள் வளைவில் பாறைக்கு வெடி வைத்த அன்று, அந்தச் சத்தத்தில், நின்ற இடத்தில் கலைந்தது. இப்போது நான்காவது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, தூக்கிக்கொண்டு போகவும் கூடாது, எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தை பிறந்து பத்து நாளில் பிள்ளை பிறக்க வேண்டும். அவளை எங்கே கொண்டு போவதானாலும் வளையத்தைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

"அய்யா," என்றான் சங்கிலி. "அது எங்க வீட்டுக்கு என்னைக்கு வரும்? அவளுக்கு வலி வந்த பெறகா, முன்னாடியா? அத மட்டும் சொல்லுங்க."

மறுபடியும் மூன்று புத்தகங்களையும் விரித்தேன். குண்டு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகம் இழக்கும் என்று மூன்றிலும் அட்டவணை இருந்தது. சத்தத்துக்கு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் வேறு எதை வைத்துக் கணக்குப் போடுவது? குண்டின் அட்டவணையைச் சுருக்கி, எட்டுக்கு எட்டு பொருத்திப் பார்த்தால், சிவப்புப் புத்தகப்படி மார்கழி இருபதில் வந்துவிடும். பிள்ளை எட்டு மாதத்தில் இருக்கும். மெல்லிசுப் புத்தகப்படி தை பத்து. ஜெர்மன்காரன் அட்டவணையில் வேகம் சீக்கிரம் குறைந்தது. அதன்படி மாசி முதல் தேதி, அதாவது பிள்ளை பிறந்து மூன்று வாரம் கழித்து.

"எந்தப் புத்தகம் நெசம்?"

"ஜெர்மன்காரன் புத்தகம்."

"ஏன் அது?"

"அவன்தான் கிராமில் எழுதியிருக்கிறான்" என்றேன்.

"எனக்குக் கிராமும் தெரியாது, கிரெயினும் தெரியாது. நீங்க சொன்னா அவகிட்ட போய்ச் சொல்றேன்."

"மாசிக்கு முன்னால் வராது என்று சொல்."

அவனுக்கும் நான் அளவைக் குறைத்தே கொடுத்தேன் என்பது அவன் படியிறங்கிப் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் பரவியது. லயங்களில் மூன்று கட்சியாயிற்று. பெண்கள் பெரும்பாலும் ஜெர்மன் கட்சி. தொழிற்சாலைக்காரர்கள் மெல்லிசு. மாதையன் மட்டும் சிவப்பு. தப்பு நடந்தால் பெரிதாகத்தான் நடக்கும் என்பது அவன் கட்சி. குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது, படிக்கத் தெரியாத பெண்கள், ஜெர்மன்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று சத்தியம் செய்தார்கள். மார்கழி இருபது வந்தது, வளையம் லயத்துக்கு வரவில்லை, சிவப்புக் கட்சி கலைந்தது, மாதையன் ஒரு நாள் பூராவும் கேலிக்கு ஆளானான்.

அன்று சாயங்காலம் குப்பமுத்து வந்து மேஜையில் கையூன்றி நின்றார். "அய்யா! குழாயடிக்கு வந்திருச்சு!"

குழாயடியிலிருந்து கடைசி வீட்டுக்கு இருநூற்று நாற்பது எட்டு. நான் பன்னிரண்டால் வகுத்தேன். இருபது நாள். மறுபடி வகுத்தேன். மெல்லிசுப் புத்தகமே ஜெயித்துக்கொண்டிருந்தது. தை பத்து, அதே நாள், டாக்டர் குறித்துக் கொடுத்த அதே நாள்.

உதட்டைப் பெரிதாக அசைத்து அவரிடம் கேட்டேன்: "வேகம் குறையவே இல்லையா?"

"குறையாதுங்க!" என்று சந்தோஷமாகக் கத்தினார் அவர்.

மறுநாள் வெள்ளைக்கோடு வரைக்கும் நடந்து போனேன். எண்பத்துமூன்று நாளில் அறுபத்துமூன்று நாள் கழிந்திருந்தது, அத்தனை நாளும் நான் வளையத்துக்குள்ளேயே இருந்தேன். சுட்ட நிமிஷத்தில் அதன் நடுவில் நின்றவன் நான், அது என்னைத் தாண்டாமலே என்னை விட்டு விரிந்துகொண்டு போனது. எனக்கு வேண்டிய அரிசியும் மண்ணெண்ணெயும் உள்ளேயே கிடைத்தன. லயத்து நோயாளிகளுக்கு மருந்தை ஆயா பேச்சியம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். என்னைக் கேட்டால் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியவில்லை என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு துப்பாக்கியின் சத்தம். எனக்கு அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. நான் குறைத்துப் போட்ட பதின்மூன்று கிரெயினும், அதற்கு முன் முப்பது வருடமாகக் குறைத்த அத்தனை சிட்டிகையும், எனக்காக அங்கே சேர்ந்து காத்திருக்கும் என்று தோன்றியது.

கோட்டுக்கு அப்பால் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்ற ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "ஏய், கம்பவுண்டரு வந்திருக்காரு பாருடி! ஊரே தாண்டியாச்சு, அரைச்சுக் குடுத்தவரு மட்டும் தாண்டலையாம்!"

"அய்யாவுக்குக் காதுல பஞ்சு வேணுமாம், ஆஸ்பத்திரியில பஞ்சு தீந்துபோச்சாம்!"

சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. கோட்டைத் தாண்டி, ஒரு தடவை தோளைக் குலுக்கிக்கொண்டு, என் அருகே வந்தாள். பேறுகாலம் பார்க்கிற கை அவளுடையது. அந்த மலையில் பாதிப் பேர் அந்தக் கையில் விழுந்தவர்கள்.

"வெள்ளத்தாயி கேட்டா," என்றாள். "என்னைய ஏன் அவரு ஒரு தடவ வந்து பாக்கலன்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

"புத்தகம் தப்பு என்று சொல்லு. தை பத்து. வலி வருகிற நாள்தான் அதுவும் வரும்."

"அத நீங்க வந்து சொல்லுங்க."

நான் வெள்ளை அடித்த செடிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவள் கோட்டைத் தாண்டித் திரும்பிப் போனாள்.

அந்த இருபது நாளும் லயத்துக்காரர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். வீட்டைச் சுற்றி ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். வெள்ளத்தாய்க்குச் சத்தம் பழகட்டும் என்று முதல் நாள் ஒரு கரண்டியைத் தட்டினார்கள், அடுத்த நாள் இரண்டு கரண்டி, பிறகு தாம்பாளம். என்னிடமிருந்து கற்றுக்கொண்ட வைத்தியம் அது. தாம்பாளத்துக்கு அவள் அழுதுவிட்டாள் என்று நிறுத்தினார்கள். நான் தினமும் தராசுத் தட்டில் இருபத்தாறு கிரெயின் எடைக்கல்லை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டினால் என்ன ஆகியிருக்கும், இன்னும் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று புத்தகத்தின் ஓரங்களிலும் பென்சிலால் கணக்குப் போட்டேன். ஒரு கிரெயின் கூடப் போட்டிருந்தால் இரண்டு நாள் முன்னதாக வந்து போயிருக்குமோ, அல்லது அன்றே வந்து அன்றே போயிருக்குமோ? வளையத்துக்கு அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, அதைத் தாண்டாதவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் பாக்கி என்பது மட்டும் தெரிந்தது.

தை பத்தாம் நாள் காலை, பனி இன்னும் விலகாத நேரம், சங்கிலி ஓடி வந்தான். செருப்பில்லை. சட்டை பித்தான் போடவில்லை.

"பொறந்திருச்சுங்கய்யா."

"நல்லபடியா?"

"அழலங்கய்யா. மூச்சு இல்ல. பேச்சியம்மா உங்களக் கூட்டியாரச் சொன்னா." பிறகு, என் கையில் பை இருப்பதையும் நான் நகராமல் நிற்பதையும் பார்த்துவிட்டு, அதுவரை என்னிடம் பேசியிராத குரலில் சொன்னான். "வாய்யா."

ஓடினேன். ஆயிரம் எட்டையும் ஓடினேன். பிரட்டுக் களம், தொழிற்சாலை, குழாயடி, ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது எழுபது வெள்ளைக்கோடுகள், மழையில் பாதி கரைந்தவை, அவை எல்லாவற்றையும் ஒன்றும் கேட்காமல் தாண்டினேன். கடைசிக் கோடு புதிதாக, ஈரமாக, கடைசி வீட்டின் வாசற்படியில் இருந்தது. குப்பமுத்து பக்கத்தில் நின்றிருந்தார். நான் நின்றால் நின்றுவிடுவேன் என்று தெரிந்ததால் நிற்காமல் தாண்டினேன்.

அதைப் பற்றி எழுதப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அது வெடிச்சத்தம்தான். நாற்பத்தாறும் இல்லை, நாற்பத்திரண்டும் இல்லை. நான் பயந்தபடி எனக்கென்று எதுவும் சேர்த்து வைத்திருக்கவில்லை. எல்லாருக்கும் கொடுத்த அதே அளவைத்தான் கொடுத்தது. ஆனால் அந்த ஒரு கணம் என் நெஞ்சு நின்றது. நின்று, யாரோ கதவை உதைத்துத் திறந்த மாதிரி, மறுபடி அடிக்க ஆரம்பித்தது, அதற்கு முன் அது அப்படி அடித்து எனக்கு நினைவில்லை.

உள்ளே வெள்ளத்தாய் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். பேச்சியம்மாவின் மடியில் குழந்தை, பெண், நாவல்பழ நிறம், கைகால் துவண்டு. வாயைத் துடைத்தேன். சளியை உறிஞ்சித் துப்பினேன். முதுகைத் தேய்த்தேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டினேன்.

"ஓங்கி அடிங்கய்யா!" என்றாள் பேச்சியம்மா.

தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன்.

"இது அடியா? ஈ ஓட்டுறீங்களா?"

அடிக்க முடியவில்லை. கை போகும் வழியிலேயே தன் அளவைக் குறைத்துக்கொண்டது. வெள்ளத்தாய் என் கையையே பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்ன அளவு கொடுக்கப்போகிறேன் என்று பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள்.

நான் குழந்தையை ஈரத்துணியோடு நெஞ்சில் வாரிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். "எங்கய்யா கொண்டு போற?" என்று சங்கிலி கையைப் பிடித்தான். பதில் சொல்லியிருந்தால் நானே என்னைத் தடுத்திருப்பேன். அதன் காதை மூடவில்லை. விரல் வைக்கவில்லை. பிறந்து கால் மணி நேரமான அந்தக் காதை வெளியே வைத்து, வாசற்படியைத் தாண்டினேன்.

வெடித்தது.

என் கைக்குள் அந்த உடம்பு முழுவதும் ஒரு தடவை விரிந்தது. பத்து விரலும் விரிந்தன. வாய் திறந்தது. வெகுநேரம் திறந்தே இருந்தது, எனக்கு அப்படித் தோன்றியது, எதிரில் நின்ற லயத்துச் சனம் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு நின்றது, பிறகு அது அழுதது. அழுதது என்று சொன்னால் போதாது. என் மேல் வழக்குப் போடுகிற மாதிரி கத்தியது. எல்லாருக்கும் கேட்டது, குப்பமுத்துவைத் தவிர. அவர் எங்கள் முகங்களைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு கையைத் தட்டினார்.

"திரும்பி உள்ள கொண்டுபோகணும்ல," என்றான் சங்கிலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அப்பவும் ஒண்ணு வெடிக்குமே."

"வெடிக்கட்டும்" என்றாள் பேச்சியம்மா.

மத்தியானம் வளையம் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலுக்கு வந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தாயின் தோள் ஒரு முறை தூக்கிப்போட்டது, மார்பிலிருந்து குழந்தையின் வாய் நழுவியது, சிணுங்கியது, மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் குழந்தையின் தலையைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"இதுதானா?" என்று கேட்டாள். "இதுக்கா மாசின்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

மறுநாள் சத்தம் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் இறங்கியது. குப்பமுத்து கால் வைக்க இடமிருந்த வரைக்கும் போய், அங்கே நின்று, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே போய் நிற்பது அவர் வழக்கமாயிற்று. என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. அவர் கேட்டுக்கொண்டது நிறுத்த வேண்டாம் என்பதுதான், நான் நிறுத்தவில்லை, ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அது சமவெளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு எட்டு. அடிவாரத்து ஊருக்கு எந்த வருடம் போய்ச் சேரும் என்று என்னால் சொல்ல முடியும், எந்தத் தெருவில் யார் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே யாராவது அழ வேண்டிய குழந்தை இருக்கலாம், அதிரக் கூடாத ஒருத்தி இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அளவுதான் போய்ச் சேரும்.

துரை ரைஃபிளைப் போலீஸ் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டார். புத்தகங்களைக் கேட்க மறந்துவிட்டார். ஓய்வு பெறுவதற்கு முன் மூன்றையும் கடைசியாக ஒரு முறை விரித்து, முன்னுரைகளில் அவரவர் சுட்டுப் பார்த்து எழுதியது என்று போட்டிருப்பதைப் படித்தேன். நானும் சுட்டுப் பார்த்தவன்தானே என்று தோன்றியது. ஜெர்மன்காரனின் அட்டவணைக்குக் கீழே, கடைசி வரியை அடுத்து, பென்சிலால் இப்படி எழுதினேன்: மருந்து இருபத்தாறு கிரெயின், பெயர் தெரியாதது. தூரம் ஆயிரம் எட்டு. காலம் எண்பத்துமூன்று நாள். பலன் ஒரு அழுகை. அதற்குக் கீழே, பின்னால் வருகிறவர்களுக்காக, இதற்குக் குறையவும் வேண்டாம் கூடவும் வேண்டாம் என்று எழுதினேன், பிறகு அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டேன்.